சீனவியலில் பத்து மாதத் தற்காலிகப் பணி, ஒப்புக்கொள்ளலாமா?

மூங்கில்நிழல்

வணக்கம். இரண்டு வாரத்துக்குள் ஒரு பதில் சொல்லியாக வேண்டும். இந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது பேசினால் தேவலை என்றிருக்கிறது, அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சீனவியலில் பிஎச்டி செய்கிறேன். மிங் காலக் கடற்பயணங்கள் பற்றிய ஆய்வு. மிங் கடற்படைத் தளபதி செங் ஹேயின் கப்பல்களோடு போன மா ஹுவான் எழுதிவைத்த குறிப்புகள்தான் மையம். ஐந்து அத்தியாயத்தில் மூன்று முடிந்தது, நான்காவது பாதியில் நிற்கிறது. இந்த நேரத்தில் ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து தற்காலிக விரிவுரையாளர் பணி வந்திருக்கிறது. அங்கே சீனவியலுக்கு இருப்பதே ஒரு பேராசிரியர். அவர் ஒரு வருட ஆய்வு விடுப்பில் போகிறார், அவர் இடத்தில் நான் பத்து மாதம் பாடம் எடுக்க வேண்டும்.

முதல் செமஸ்டரில் மூன்று பாடம்: தொடக்கநிலை மாண்டரின், வாரம் ஐந்து மணி நேரம், குறி கேட்க எலும்பில் கீறிய மிகப் பழைய எழுத்துகளில் ஆரம்பித்து 1911 புரட்சி வரை வரும் சீன நாகரிக அறிமுகம், அப்புறம் செவ்வியல் சீன வாசிப்பு. இரண்டாம் செமஸ்டரில் மாண்டரின் தொடர்கிறது, 1911க்குப் பிந்தைய சீனம் ஒரு பாடம், மூன்றாவதாக நானே வடிவமைக்கும் ஒரு பாடம், போதிய மாணவர்கள் சேர்ந்தால்.

செவ்வியல் சீனத்தில் எனக்குப் பயமில்லை. ஆனால் மொழி வகுப்பை இதுவரை தனியாக நடத்தியதில்லை, உதவியாளராக மட்டும் இருந்திருக்கிறேன். நானே வயது வந்த பிறகு மாண்டரின் கற்றவள். இருபதாம் நூற்றாண்டுச் சீனத்தைப் பற்றிப் படித்திருக்கிறேன், வகுப்பில் நின்று நிச்சயத்தோடு பேசும் அளவுக்கு இல்லை. என் நெறியாளர் போகாதே, ஆய்வேடு நின்றுவிடும் என்கிறார். உடன் படித்தவர்களோ இந்தத் துறையில் விளம்பரம் வருவதே அபூர்வம், கிடைத்ததை விடாதே என்கிறார்கள். இரண்டு பக்கமும் நியாயம் இருப்பதால்தான் தூக்கம் வரவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன் என்னென்ன கேட்க வேண்டும்? ஆய்வேட்டை முடித்துக்கொண்டே இதைச் செய்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

தூரதேசி

முதலில் வாழ்த்துகள். பிஎச்டி கையில் இல்லாதபோதே உங்களை நம்பி ஒரு துறையையே ஒப்படைக்கிறார்கள், அது சின்ன விஷயம் இல்லை.

நான் நான்கு வருடத்தில் மூன்று இடங்களில் இப்படி வேலை பார்த்தவன். வாரத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை விட்டுவிடுங்கள், எத்தனை வெவ்வேறு பாடம் என்று பாருங்கள். ஒரே பாடத்தை இரண்டு பிரிவுக்கு எடுப்பது ஒரு பாரம், இரண்டு புதுப் பாடத்தைத் தயாரிப்பது அதைவிட மூன்று மடங்கு பாரம். புதிதாகத் தயாரித்த விரிவுரை ஒவ்வொன்றுக்கும் எனக்கு ஆறு ஏழு மணி நேரம் ஆனது. உங்கள் பட்டியலில் வருடத்துக்கு ஆறு பாடம் இருக்கிறது, அதில் ஐந்து உங்களுக்குப் புதிது. இந்த அளவை அப்படியே ஒப்புக்கொள்ளாதீர்கள், ஒன்றையாவது மாற்றச் சொல்லிக் கேளுங்கள். 1911க்குப் பிந்தைய சீனத்தைத்தான் மாற்றக் கேட்பேன் நான். வரலாற்றுத் துறையிலோ அரசியல் துறையிலோ அதை எடுக்க வேறு ஆள் கிடைப்பார், செவ்வியல் சீனம் எடுக்க உங்களைத் தவிர அங்கே யாரும் இருக்க மாட்டார்கள். பேரம் பேச உங்கள் கையில் இருப்பது அதுதான்.

ஒப்புக்கொண்டதெல்லாம் எழுத்தில் இருக்கட்டும். எனக்கு ஒரு இடத்தில் செமஸ்டருக்கு இரண்டு பாடம் என்று வாய்வார்த்தையாகச் சொன்னார்கள், நான் வீடு மாற்றிப் போய்ச் சேர்ந்த மூன்றாம் நாள் அது நான்காகிவிட்டது. பெயர் வேண்டாம். துறைத்தலைவர் நல்ல மனிதர்தான், ஆனால் எனக்கு வாக்குக் கொடுத்தவர் அவருக்கு முன்பு இருந்தவர், காகிதத்தில் எதுவும் இல்லை, நான் யாரிடம் போய் நிற்பது?

ஆய்வேடு பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். முதல் செமஸ்டரில் நான் ஒரு வரிகூட எழுதவில்லை. விடுமுறையில் பிடித்துவிடலாம் என்று நினைத்தேன், விடுமுறை வந்தபோது அடுத்த செமஸ்டருக்கான தயாரிப்பு வந்து உட்கார்ந்துகொண்டது. ஆய்வேட்டை எழுத முடிந்தது இரண்டாவது இடத்தில்தான், அங்கே முன்பு எடுத்த அதே பாடங்கள் கிடைத்தன. அதனால் என் யோசனை, பாதியில் நிற்கும் அந்த நான்காம் அத்தியாயத்தைப் போவதற்கு முன்பே முடித்துவிடுங்கள், அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, ஒரு முழு வரைவு கையில் இருக்க வேண்டும். பாதியில் விட்ட அத்தியாயத்துக்கு ஆறு மாதம் கழித்துத் திரும்பினால் எதற்காக அந்தக் குறிப்பை எடுத்தோம் என்பதே மறந்திருக்கும். முடித்த அத்தியாயத்தைத் திருத்துவது அப்படியில்லை, களைத்த மாலையிலும் கொஞ்சம் செய்யலாம்.

இன்னொன்று, நூலகம். சீனவியல்காரர்களுக்கு இது மூச்சு மாதிரி. பத்து மாத ஒப்பந்தம் முடிந்த அன்றே கணக்கை மூடும் இடங்கள் உண்டு. சீனக் கல்வி இதழ்களுக்கான சிஎன்கேஐ தரவுத்தளத்தை எடுத்துக்கொள்ளுங்கள், 2023 ஏப்ரல் முதல் பல வெளிநாட்டு நூலகங்களுக்கு அதில் ஆய்வேடுகள், மாநாட்டுக் கட்டுரைகள், புள்ளிவிவர ஆண்டுநூல்கள் எல்லாம் நிறுத்திவைக்கப்பட்டன. இருக்கிற வழியும் எப்போது அடைபடும் என்று தெரியாத துறை நமது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆறு மாதம், முடிந்தால் ஒரு வருடம், நூலகக் கணக்கு திறந்திருக்குமா என்று இப்போதே கேளுங்கள். சம்பளத்தைக் கூட்டுவதைவிட இதைக் கொடுப்பது அவர்களுக்குச் சுலபம், கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

நாலாம்தொனி

பதினான்கு வருடமாக மாண்டரின் கற்றுக்கொடுப்பவள். மொழி வகுப்பைப் பற்றி மட்டும் பேசுகிறேன், ஏனென்றால் இப்படி வருகிற இளம் ஆய்வாளர்கள் பெரும்பாலும் அதைத்தான் கடைசியாக நினைக்கிறார்கள், அதில்தான் முதலில் தடுமாறுகிறார்கள். ஆய்வு தெரிந்தால் போதும், மொழியை யார் வேண்டுமானாலும் சொல்லிக்கொடுக்கலாம் என்று துறைகளே நினைப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கு மனசு புண்பட்டிருக்கிறது. உங்கள் கேள்வியில் அந்தத் தொனி இல்லை, பயந்திருக்கிறீர்கள், அது நல்ல அறிகுறி.

வயது வந்த பிறகு கற்றவள் என்பதைக் குறையாக நினைக்காதீர்கள். எங்கே நாக்கு சறுக்கும் என்று உங்களுக்குத் தெரியும், பிறந்ததிலிருந்து பேசுகிறவர்களுக்கு அது தெரியாது. தமிழ் பேசி வளர்ந்த நாம் 'ப' என்பதையும் மூச்சுக்காற்றோடு வரும் 'ப' என்பதையும் பிரித்துக் கேட்டுப் பழகியவர்கள் இல்லை, ஆனால் மாண்டரினில் பொருளே அந்த மூச்சில்தான் மாறுகிறது. வாய்க்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு பழகியிருப்பீர்கள், அதையே வகுப்பிலும் செய்யுங்கள். நாக்கை மடித்துச் சொல்லும் ஒலிகளில் நமக்கு ழ இருப்பது ஒரு கொடை, மற்றவர்கள் வாரக்கணக்கில் போராடுவது நமக்கு ஓரளவு பக்கத்திலேயே இருக்கிறது.

தொனிகளை, அதாவது பொருளையே மாற்றும் குரல் ஏற்ற இறக்கங்களை, தனித்தனி அசையாக வைத்து நான்கு நாள் ஓதவைத்துவிட்டு முடிந்தது என்று நகர்ந்துவிடாதீர்கள். தனியாகச் சொல்லும்போது எல்லோரும் சரியாகச் சொல்வார்கள், இரண்டு சேர்ந்தால் சரிந்துவிடும். ஈரசைச் சொற்களாகப் பழக்குங்கள். நான்கு தொனியும் ஒன்றோடொன்று சேர்ந்தால் பதினாறு, பின்னால் வரும் தொனியில்லாத அசையையும் சேர்த்தால் இருபது சேர்க்கை. ஒவ்வொன்றுக்கும் நல்ல சொல் ஒன்றை எடுத்துக்கொண்டு, முதல் ஆறு வாரம் தினமும் ஐந்து நிமிடம் மட்டும். மூன்றாம் தொனிகள் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முன்னது இரண்டாம் தொனியாகிவிடும் என்பதை நீங்கள் விதியாகச் சொல்வதற்கு முன்பே அவர்கள் 'நி ஹாவ்' சொல்லிப் பழகியிருப்பார்கள், அதிலிருந்தே காட்டுங்கள். தொனி முக்கியமா என்று யாராவது கேட்டால் ஒரே ஒரு சொல் போதும்: 'மை'. மூன்றாம் தொனியில் வாங்குவது, நான்காம் தொனியில் விற்பது.

போவதற்கு முன் அந்தப் பேராசிரியரிடம் கேட்க வேண்டியவை உண்டு. எளிதாக்கிய எழுத்தா, மரபெழுத்தா? 1956இல் சீனா எழுத்துகளை எளிதாக்கத் தொடங்கியது, தைவானும் ஹாங்காங்கும் மரபெழுத்திலேயே நின்றன. மொழி வகுப்பில் எளிதாக்கிய எழுத்தைப் படித்துவிட்டு உங்கள் செவ்வியல் சீன வகுப்பில் மரபெழுத்தைப் பார்க்கும் மாணவன் திகைத்துப்போவான், அந்த இடைவெளியை யார் நிரப்புவது என்று முன்பே தெரிய வேண்டும். பின்யின், அதாவது ரோமன் எழுத்தில் உச்சரிப்பு, எத்தனை வாரம்? எழுத்தின் மேலேயே பின்யினை அச்சிட்டுக் கொடுத்தால் கண் எழுத்துக்கே போகாது. கையால் எழுதச் சொல்கிறார்களா, தட்டச்சு போதுமா? உங்கள் பிள்ளைகள் அடுத்த வருடம் அவரிடம்தான் இரண்டாம் நிலைக்குப் போவார்கள். நீங்கள் எவ்வளவு அழகாகக் கற்றுக்கொடுத்தாலும் நீங்கள் விட்ட இடமும் அவர் தொடரும் இடமும் பொருந்தாவிட்டால் அடிபடுவது அந்தப் பிள்ளைகள்.

வீட்டில் சீனம் பேசிக் கேட்டு வளர்ந்த மாணவர்களும் அதே வகுப்பில் உட்காருவார்கள். சரளமாகப் பேசுவார்கள், பத்து எழுத்து படிக்கத் தெரியாது. அவர்களைப் பார்த்து மற்றவர்கள் முதல் வாரமே மனம் விட்டுவிடுவார்கள். தனிப் பிரிவு இருக்கிறதா, இல்லையென்றால் யார் எதில் சேர்வது என்று முடிவு செய்வது யார் என்பதையும் கேளுங்கள்.

கடைசியாக ஒரு கணக்கு. ஆங்கிலம் பேசுகிறவர் ஒருவர் வேலைக்குத் தேவையான அளவு மாண்டரின் பெற 2200 வகுப்பு மணி நேரம் ஆகும் என்பது அமெரிக்க வெளியுறவுத் துறையின் மொழிப்பயிற்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவு. உங்களுக்கு வாரம் ஐந்து மணி, முப்பது வாரம் என்று வைத்தால் 150 மணி நேரம். பதினைந்தில் ஒரு பங்குதான். இதை முதல் நாளே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள். பயமுறுத்த இல்லை, வருடக் கடைசியில் ஒரு செய்தித்தாளைப் படிக்க முடியவில்லையே என்று அவர்கள் தங்களைத் தாங்களே மட்டமாக நினைக்கக் கூடாது என்பதற்காக.

ஓலைச்சுவடி

நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன், இப்படிப்பட்ட பணிகளுக்கு ஆள் எடுக்கும் குழுவில் சில முறை இருந்திருக்கிறேன். தற்காலிகம் என்ற ஒரே சொல்லுக்குள் வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன. ஒருவர் விடுப்பில் போகிறார், திரும்பி வருவார் என்பது ஒன்று. ஒருவர் ஓய்வு பெற்றுவிட்டார், அந்த இடத்தை நிரப்புவதா மூடுவதா என்று நிர்வாகம் யோசிக்கிறது, அதுவரை ஒரு ஆள் என்பது இன்னொன்று. வெளி அறக்கட்டளைப் பணத்தில் ஓடுவது மூன்றாவது, பணம் இருக்கும்வரைதான் அது இருக்கும். உங்களுடையது முதல் வகை. அங்கே நிரந்தரமாகலாம் என்ற நம்பிக்கையை வைத்துக்கொள்ளாதீர்கள், இருப்பது ஒரே இடம், அதற்கு உரியவர் திரும்பி வருகிறார். ஆனால் வேறு வகையில் இதுதான் பாதுகாப்பானதும். என்ன கிடைக்கும், எப்போது முடியும் என்று தெளிவாகத் தெரியும். யோசித்துக்கொண்டிருக்கும் இடங்களில் நல்ல பிள்ளைகள் ஐந்து வருடம் வருடாவருடம் புதுப்பித்துக்கொண்டே காத்திருந்ததைப் பார்த்திருக்கிறேன், அது வேறு வலி.

தூரதேசி சொன்னதில் எனக்கு ஒரு மாற்றுக்கருத்து. 1911க்குப் பிந்தைய பாடத்தை முழுதாக விட்டுக்கொடுக்காதீர்கள். அடுத்த விண்ணப்பத்தைப் படிக்கும் குழு, இவர் ஒருவரே ஒரு துறையைத் தாங்குவாரா என்றுதான் பார்க்கும். சின்னத் துறைகளில்தான் வேலை அதிகம் வருகிறது, அங்கே மிங் காலம் மட்டும் தெரிந்தவரை எடுக்க முடியாது. நவீன காலத்துக்கு ஒரு பாடத்திட்டம் உங்கள் கோப்பில் இருப்பது நல்லது. இந்த வருடமே எடுக்க வேண்டும் என்பதில்லை, திட்டத்தை எழுதியாவது வைத்திருங்கள்.

நாகரிக அறிமுகப் பாடத்தில்தான் புதியவர்கள் மூழ்குவார்கள். மூவாயிரம் வருடம், பதினான்கு வாரம், வம்சம் வம்சமாக ஓட்டுவார்கள், ஷாங், சோவ், சின், ஹான் என்று பத்தாம் வாரத்தில் சோங்கிலேயே நின்றுவிடுவார்கள், மிங்கும் சிங்கும் கடைசி இரண்டு வகுப்பில் ஓடிப்போகும். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். பிறகு வாரத்துக்கு ஒரு மூலம் என்று மாற்றினேன், அந்த ஒரு மூலத்தை மாணவர்கள் கையில் கொடுத்துவிட்டு அதைச் சுற்றிக் காலத்தைச் சொல்வது.

எலும்பு எழுத்துக்கு ஃபூ ஹாவ் அரசியின் பிரசவம் பற்றிய குறி இருக்கிறது. பிரசவம் நல்லபடி ஆகுமா என்று கேட்கிறார்கள், அரசன் சூடாக்கிய எலும்பில் விழுந்த வெடிப்பைப் பார்த்து இன்ன நாளில் பிறந்தால் நல்லது என்று சொல்கிறான், முப்பத்தொரு நாள் கழித்துக் குழந்தை பிறக்கிறது, நல்லதில்லை, பெண் என்று முடிகிறது. அந்த ஒரு எலும்பில் அரசு, குறி, நாட்காட்டி, பெண் என்று எல்லாமே கிடைத்துவிடும். அதே ஃபூ ஹாவ் படை நடத்தியவள் என்றும், அவள் கல்லறை 1976இல் ஆன்யாங்கில் கொள்ளைபோகாமல் அப்படியே கிடைத்தது என்றும் சொன்னால் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஹான் காலத்துக்குச் சிமா சியென் தன் நண்பர் ரென் ஆனுக்கு எழுதிய கடிதம். ஆண்மையறுக்கும் தண்டனையை ஏற்று உயிரோடு இருந்தது எழுத ஆரம்பித்த வரலாற்றை முடிப்பதற்காக என்று ஒரு மனிதர் சொல்லும்போது, வரலாறு எழுதுவது அங்கே என்னவாக இருந்தது என்று நீங்கள் தனியாக விளக்க வேண்டியதில்லை. சோங்குக்கு சூ சி, கன்ஃபூசிய நூல்களுக்கு உரை எழுதியவர். இங்கே நமக்கு ஒரு சௌகரியம், உரையாசிரியர் இல்லாமல் சங்கப் பாட்டைத் தொடத் தயங்கும் மரபிலிருந்து வருகிறோம். உரை என்பது மூலத்துக்கு வெளியே ஒட்டிய குறிப்பு இல்லை, மூலத்தைப் படிக்கும் முறையே அது என்பது நமக்குச் சட்டென்று புரியும். அந்த உரைகள் பதினான்காம் நூற்றாண்டிலிருந்து 1905இல் தேர்வுமுறை ஒழியும்வரை அதிகாரியாக விரும்பிய ஒவ்வொருவனும் படித்தவை.

மிங்குக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, உங்கள் வீட்டுப் பொருள். இலங்கையின் காலி நகரக் கல்வெட்டை எடுங்கள். செங் ஹே கொண்டுவந்து நட்டது, 1409 தேதியிட்டது, 1911இல் காலி நகரத்தில் கிடைத்தது, இப்போது கொழும்பு அருங்காட்சியகத்தில் இருக்கிறது. சீனம், தமிழ், பாரசீகம். சீனப் பகுதி புத்தருக்குக் காணிக்கை சொல்கிறது, தமிழ்ப் பகுதி தெனவரை நாயனார் என்ற விஷ்ணுவுக்கு, பாரசீகப் பகுதி இஸ்லாமிய வழியில். கொடுத்த பொருள்களோ கிட்டத்தட்ட ஒன்றேதான், பொன், வெள்ளி, பட்டு, எண்ணெய் என்று. ஒரே கல்லில் மூன்று கடவுளரிடம் மூன்று மொழியில் ஒரே அரசன் பேசுகிறான். சீனத்தையும் தமிழையும் மூலத்தில் படிக்கத் தெரிந்த ஆசிரியர்கள் உலகத்தில் எத்தனை பேர் இருப்பார்கள்? அதை நீங்கள் பயன்படுத்தாமல் விட்டால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

பனித்துளி

சுருக்கமாக ஒன்று, யாரும் சொல்லவில்லையே என்று. 1949க்குப் பிறகான எதையும் எடுத்தால் வகுப்பில் 1989 தியானன்மென், தைவான், ஷின்ஜியாங் எல்லாம் வரும். சீனாவிலிருந்து வந்த மாணவர்கள் இருப்பார்கள், அவர்களிலேயே பலவிதமான கருத்துடையவர்கள் இருப்பார்கள், சிலர் வாயே திறக்க மாட்டார்கள், அதற்கு அவர்களுக்குக் காரணம் இருக்கும். வகுப்பை ஒளிப்பதிவு செய்யும் வழக்கம் அங்கே உண்டா, அதை யார் பார்க்க முடியும் என்று கேளுங்கள். விவாதக் குறிப்புகளைப் பெயரில்லாமல் எழுதிக் கொடுக்க அனுமதி உண்டா என்றும். நிரந்தர ஆசிரியருக்கு ஒரு புகார் வந்தால் துறை நிற்கும். பத்து மாதம் இருப்பவருக்காக நிற்குமா என்பதை முன்கூட்டியே துறைத்தலைவரிடம் நேராகவே கேட்டுவிடுவது நல்லது. நான் கேட்காமல் போய்ச் சேர்ந்து, ஒரு மாணவர் பதிவை வெளியே பகிர்ந்த பிறகு தனியாக நின்றேன். அந்த இரண்டு மாதம் இன்னும் நெஞ்சில் இருக்கிறது.

மூங்கில்நிழல்

எல்லோருக்கும் நன்றி. இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. பன்னிரண்டு நாள் ஆகிவிட்டது, நடந்ததைச் சொல்கிறேன்.

கேள்விகளை ஒரே மின்னஞ்சலில் எழுதி அனுப்பினேன். அனுப்புவதற்கு முன் இரண்டு முறை அழித்தேன், இவ்வளவு கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று. துறைத்தலைவர் மறுநாளே கூப்பிட்டுப் பேசினார், கோபமே இல்லை. நவீன சீனப் பாடத்தை வரலாற்றுத் துறையில் ஒருவர் எடுத்துக்கொள்கிறார். நான் நான்கு வகுப்பு மட்டும் போய்ப் பேச வேண்டும், 1919 மாணவர் போராட்டமும் பேச்சு மொழியில் எழுதத் தொடங்கியதும் என் பொறுப்பு. ஓலைச்சுவடி அண்ணா சொன்னபடி முழுப் பாடத்திட்டத்தையும் எழுதிவைத்துக்கொள்ளப் போகிறேன். நானே வடிவமைக்கும் பாடம் கடல்வழி ஆசியா, அது என் நான்காம் அத்தியாயத்தின் மேலேயே உட்காருகிறது.

ஒப்பந்தத்தைப் பன்னிரண்டு மாதமாக்க முடியாது என்றார்கள். நூலகக் கணக்கு ஒப்பந்தம் முடிந்த பிறகு ஒரு வருடம் திறந்திருக்கும், அது எழுத்தில் வந்துவிட்டது. செவ்வியல் சீனத்துக்கு ஐந்து பேருக்குக் குறைந்தால் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள், அப்படியானால் அதைத் தனி வாசிப்பாக எடுத்தாலும் ஒரு பாடமாகவே கணக்கு வைப்பார்கள். வகுப்புகள் தானாகப் பதிவாகாதாம், ஆசிரியர் கேட்டால்தான். பனித்துளி, புகார் வந்தால் என்ன என்று நேராகவே கேட்டேன். துறைத்தலைவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, 'அதற்குப் பதிலாக முதல் மின்னஞ்சல் என் பெயரில் போகும்' என்றார். அந்த ஒரு வரிக்காகவே எனக்குப் பாதி மனபாரம் இறங்கிவிட்டது.

விடுப்பில் போகும் பேராசிரியரோடு ஒரு மணி நேரம் பேசினேன். எளிதாக்கிய எழுத்துதான், ஆனால் இரண்டாம் செமஸ்டரில் வாரம் பத்து மரபெழுத்து அடையாளம் காணப் பழக்குகிறாராம், செவ்வியல் வகுப்பை மனதில் வைத்து. பின்யின் ஐந்தாம் வாரத்தோடு எழுத்தின் மேலிருந்து போய்விடும். தன் சிலபஸ், தேர்வுத்தாள் எல்லாவற்றையும் தந்துவிட்டார். நாலாம்தொனி அக்கா, நீங்கள் சொன்ன இருபது சேர்க்கைக்கும் சொற்பட்டியல் போட ஆரம்பித்திருக்கிறேன், பதின்மூன்று வரை வந்திருக்கிறது.

நேற்று கையெழுத்துப் போட்டேன். நெறியாளரிடம் நானே போய்ச் சொன்னேன். சரி என்று சொல்லவில்லை, நான்காம் அத்தியாயத்தின் வரைவு ஏழு வாரத்தில் தன் மேசையில் இருக்க வேண்டும் என்றார், அதற்கு நான் சரி என்றேன்.

ஒரே ஒரு சந்தேகம். காலி கல்வெட்டை வகுப்பில் வைக்கும்போது மூன்றின் மொழிபெயர்ப்பையும் ஒன்றாகக் கொடுப்பதா, ஒவ்வொன்றாகவா? அண்ணா எப்படிச் செய்தீர்கள்?

ஓலைச்சுவடி

மிக்க மகிழ்ச்சி. அந்தத் துறைத்தலைவர் சொன்ன வரி எல்லோருக்கும் கிடைக்காது.

ஒன்றாகக் கொடுக்காதீர்கள். வகுப்பை மூன்றாகப் பிரித்து, ஆளுக்கு ஒரு மொழிபெயர்ப்பு, மற்ற இரண்டும் இருக்கின்றன என்றே சொல்ல வேண்டாம். இந்தக் கல்லை நட்டவர் எந்த மதத்தவர், யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். இருபது நிமிடம் கழித்து ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒருவர் எழுந்து படிக்கட்டும். ஒருவர் பௌத்தர் என்பார், ஒருவர் விஷ்ணு பக்தர் என்பார், ஒருவர் முஸ்லிம் என்பார். அப்புறம் கல்லின் படத்தைத் திரையில் போடுங்கள். பாரசீகப் பகுதி மிகவும் தேய்ந்துபோனது, அந்தக் குழுவுக்குக் கிடைப்பது குறைவாகத்தான் இருக்கும், அதை மறைக்காமல் அப்படியே புள்ளி புள்ளியாக விட்டுக் கொடுங்கள். படிக்க முடியாத இடத்தில் நிறுத்திக்கொள்வதும் அவர்கள் கற்க வேண்டியதுதானே. செங் ஹே முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பதைக் கடைசிவரை சொல்லாதீர்கள், யாராவது ஒரு பிள்ளை தானாகவே கேட்கும்.

நாலாம்தொனி

மீதி ஏழு சொற்களுக்கு என் பட்டியலைத் தனிச்செய்தியில் அனுப்பியிருக்கிறேன் தங்கச்சி. மூன்றாம் தொனிக்குப் பின் நான்காம் தொனி வருவதற்கு நான் வைத்திருக்கும் சொல்லைப் பாருங்கள், நிறைய மாணவர்கள் மூன்றாவதை முழுதாக ஏற்றி இறக்கிவிடுவார்கள், தாழ்வாகவே வைத்துவிட்டு அடுத்ததற்குப் போகச் சொல்லுங்கள்.